பூங்காவில் பொங்கல் வைக்க மாநகராட்சி அனுமதி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பூங்கா பொது இடம்தான். ஆனால் அங்கே பந்தல் போட்டு, அடுப்பு மூட்டி, மைக் கட்டி, சில நூறு பேரைக் கூட்டினால் அதற்கு மாநகராட்சியின் எழுத்து அனுமதி வேண்டும். டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலையாக வந்து ஓரிரு ஆண்டு ஆனவர்கள் "இந்தத் தடவை பொங்கலைப் பூங்காவில் வைத்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் யாரைப் பார்ப்பது, எந்தப் படிவத்தை முதலில் நிரப்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொங்கலை வைத்துச் சொன்னாலும் தீபாவளிக்கும் ஆடிக் கஞ்சிக்கும் வழி இதேதான்.

இது ஒரே மேசையில் கிடைக்கிற அனுமதி இல்லை. நிலம் பூங்காத் துறையுடையது. கூட்டத்தின் ஆபத்து அளவைச் சொல்வது காவல்துறை. பந்தலும் அடுப்பும் தீயணைப்புத் துறையிடம், சாப்பாடு சுகாதார அதிகாரியிடம், வாகன நெரிசல் மாநகராட்சியின் சொந்தக் காவல் பிரிவான மெட்ரோ போலீசிடம். இவர்கள் எல்லோரும் சரி என்ற பிறகுதான் மாநகராட்சியின் நிகழ்ச்சி அலுவலகம் அனுமதிக் கடிதம் தரும். இவர்கள் அத்தனை பேரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே: எத்தனை பேர் வருவார்கள்?

எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

"300 பேர் என்று போடுங்கள், கேள்வி குறையும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். கேட்காதீர்கள். வருவது 900 பேர் என்றால் 900 என்றே எழுதுங்கள்.

2001 ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கைசர் சீஃப்ஸ் அணிக்கும் ஒர்லாண்டோ பைரட்ஸ் அணிக்கும் கால்பந்து ஆட்டம். நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி என்கோபே ஆணையம் எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்று, எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சரியாகக் கணிக்காமல் விட்டது. இன்று உங்களிடம் இத்தனை தாள்களைக் கேட்கிற சட்டம், 2010-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டமான விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புச் சட்டம், அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தது. நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. 2000 மார்ச்சில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு நடன விடுதியில் கண்ணீர்ப்புகை பரவி, வாசலுக்கு ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் கூட்டம், வாசல், வெளியேறும் வழி என்று பேச்சு வந்தால் அவர்கள் முகம் மாறுவது இதனால்தான். படிவங்களை அலுப்பாக நினைக்கிறபோது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை எப்படிப் போடுவது? இரண்டு எண் வேண்டும். நாள் முழுக்க வந்துபோகிறவர்கள் எத்தனை, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் அதிகபட்சம் எத்தனை. பொங்கல் விழாவில் பானை பொங்குகிற நேரத்தைவிடச் சாப்பாட்டு வரிசை நேரத்தில்தான் கூட்டம் உச்சத்துக்குப் போகும். கழிப்பறை, காவலர், மருத்துவ ஆட்கள் எல்லாம் அந்த உச்ச எண்ணை வைத்துத்தான் கணக்காகும். போன வருடம் மண்டபத்தில் எத்தனை இலை போட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். திறந்தவெளி என்பதால் அக்கம்பக்கத்தாரும் வருவார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலு பேசும் குடும்பங்கள் பறைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளோடு வந்து உட்காருவது டர்பனில் சாதாரணம். அவர்களுக்கும் சேர்த்தே அரிசி போடுங்கள்.

தேதி: டிசம்பரை மறந்துவிடாதீர்கள்

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு உறைக்காத ஒரு விஷயம் இது. பொங்கல் ஜனவரி நடுவில். இந்த நாட்டில் டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறை. அந்த வாரத்தில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை அலுவலகங்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். கட்டுமானத் தொழில் மொத்தமாக மூடிவிடும். பந்தல் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் எங்காவது கடற்கரையில் குடும்பத்தோடு இருப்பார். அதனால் பொங்கலுக்கான எல்லாக் கையெழுத்தும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் ஆகஸ்டில் வேலையைத் தொடங்குவது சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலையில் புதிய கட்டணப் பட்டியல் வந்திருக்கும். வாடகை எவ்வளவு, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை எவ்வளவு என்று அதைப் பார்த்து வரவுசெலவு போடலாம். போன வருட ரசீதை வைத்துக் கணக்குப் போட்டால் பணம் பத்தாது.

யார் பெயரில் விண்ணப்பிப்பது

தனி ஆள் பெயரில் போடாதீர்கள். சங்கம் லாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவாகியிருந்தால் விண்ணப்பமும் எளிது, கட்டணத்தில் சலுகை கேட்கவும் வழி உண்டு. பதிவு இல்லையென்றால் பதிவுள்ள கோயிலையோ சங்கத்தையோ அணுகி அவர்கள் பெயரில் சேர்ந்து நடத்துங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இந்த ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாகத் திருவிழா நடத்துகிறார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களில் புனித வெள்ளி வாரத்தில் கூடுகிற கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். காவடிக்குப் போக்குவரத்தை எப்படித் திருப்புகிறார்கள், தீமிதிக்கு மருத்துவ ஆட்களை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தக் குழுக்களில் இருக்கிற அங்கிள்மார், ஆன்ட்டிமார் பலருக்குத் தமிழ்ப் பேச்சு கைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த மாடிக்குப் போவது, யாரிடம் எப்படிக் கேட்பது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தனியாக ஓடித் திரிவதைவிட அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து தேநீர் குடித்தால் பாதி வேலை முடியும். புதிதாக வந்தவர்கள் இவர்களை விட்டு ஒதுங்கித் தனி விழா நடத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூங்காவைப் போய்ப் பாருங்கள்

படிவம் நிரப்பும் முன்னே, விழா நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் பூங்காவுக்குப் போங்கள். ஞாயிறு காலையில் அங்கே கால்பந்து ஆட்டம் நடக்கிறதா, பக்கத்துத் தேவாலயத்தில் வழிபாடு இருக்கிறதா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஆம்புலன்ஸ் உள்ளே வர வாசல் அகலமா என்று பாருங்கள். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று பூங்காத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தலுக்கு முளை அடிக்கும்போது இது தேவைப்படும். டர்பனில் குரங்குத் தொல்லை உள்ள பூங்காக்கள் நிறைய. படையலுக்கு வைத்த வாழைப்பழமும் தேங்காயும் கண்மூடித் திறப்பதற்குள் மரத்தில் இருக்கும். அதற்கென்று இரண்டு பேரை நிறுத்துங்கள்.

பார்த்து வந்ததும் மைதான வரைபடம் ஒன்று வரையுங்கள். மொத்த விண்ணப்பத்திலும் அதிகாரிகள் அதிக நேரம் பார்ப்பது இந்தத் தாளைத்தான். பந்தல், அடுப்பு வரிசை, எரிவாயு சிலிண்டர் இடம், ஜெனரேட்டர், மேடை, உணவுக் கடைகள், கழிப்பறைகள், முதலுதவி இடம், காணாமல்போன பிள்ளைகளை வைத்திருக்கும் இடம், வெளியேறும் வழிகள், அவசரத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடம், ஆம்புலன்ஸ் வரும் பாதை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அளவுகளை மீட்டரில் போடுங்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் வரைந்தால் இன்னும் நல்லது. ஆம்புலன்ஸ் பாதையில் ஒரு கடைகூட வரக்கூடாது. கடைசி நாளில் "அண்ணா, ஒரே ஒரு மேசை போட்டுக்கொள்கிறேன்" என்று ஒருவர் வருவார். இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

காவல்துறையின் தரவரிசை

நான் மேலே சொன்ன சட்டத்தின்படி காவல்துறை ஒரு நிகழ்ச்சியைக் குறைந்த, நடுத்தர, உயர் ஆபத்து என்று மூன்றில் ஒன்றாக வகைப்படுத்தும். பேச்சு வழக்கில் கிரேடிங் என்பார்கள். பூங்கா இருக்கிற எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குப் போய் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அதிகாரியைக் கேளுங்கள். சட்டம் பேசுவது 2000 பேராவது கொள்ளும் இடங்களைப் பற்றி. ஆனால் திறந்த பூங்கா பெரும்பாலும் அந்த அளவுக்குக் கொள்ளும். ஆகவே "நாங்கள் 600 பேர்தான்" என்று நீங்களே விலக்கு எடுத்துக்கொள்ளாமல், கிரேடிங் வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் மற்றத் துறைகள் கோப்பைத் திறப்பதே கடினம்.

குடும்பங்கள் வருகிற, மது இல்லாத, பகலில் முடிகிற விழா என்றால் குறைந்த ஆபத்து என்று வர வாய்ப்பு அதிகம். திரைப் பாடகர் ஒருவரை அழைத்து மாலையில் இசை நிகழ்ச்சி சேர்த்தால் கணக்கு மாறும். முதல் வருடத்தில் பிரபலங்களைக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுப்பு, பந்தல், மின்சாரம்

பூங்காக்களில் பிரை (திறந்தவெளியில் இறைச்சி சுடுவது) போட ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் தீ மூட்ட விதிகள் பொதுவாக விடுவதில்லை. பொங்கலோ தீ இல்லாமல் நடக்காது. அதனால் விண்ணப்பத்தில் இதைத் தனியாக, விளக்கமாக எழுதுங்கள். எத்தனை அடுப்பு, விறகா எரிவாயுவா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுப்புக்கும் பந்தலுக்கும் எவ்வளவு தூரம், ஒவ்வொரு அடுப்புக்கும் யார் பொறுப்பு. புல்லின் மேல் செங்கல் அடுக்கினால் புல் கருகும், வைப்புத்தொகையில் பிடிப்பார்கள். இரும்புத் தாங்கி மேல், அடியில் மணல் தட்டு வைத்து அடுப்பு போடுங்கள். சுற்றிக் கயிறு கட்டுங்கள். பொங்கலோ பொங்கல் என்று குரல் எழும்போது பிள்ளைகள் எல்லாம் பானைப் பக்கம்தான் ஓடும். பாவாடை தாவணி, நைலான் கரை என்று தீப்பிடிக்கிற துணிதான் எல்லோர் உடம்பிலும் இருக்கும். மணல் வாளி, தண்ணீர் வாளி, தீயணைப்பான் மூன்றும் கை எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். தீயணைப்பானின் பரிசோதனைத் தேதி தாண்டியிருக்கக் கூடாது.

பந்தலுக்குப் பொறியாளர் சான்றிதழ், துணி எளிதில் தீப்பற்றாதது என்ற சான்றிதழ், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்ற தீயணைப்புத் துறைச் சான்றிதழ் கேட்பார்கள். பந்தல்காரரிடம் விலை பேசும்போதே இந்தத் தாள்கள் விலையில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். மிக மலிவாகச் சொல்கிறவரிடம் பெரும்பாலும் தாள் இருக்காது. ஜெனரேட்டர் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழை (சிஓசி) தர வேண்டும். எரிவாயுவுக்கும் பதிவு பெற்றவரின் சான்றிதழ் தேவை.

தீபாவளிக்கு வாண வேடிக்கை வேண்டும் என்றால் அது தனி உலகம். வெடிபொருள் சட்டத்தின்கீழ் தனி அனுமதியும் தகுதி பெற்ற ஆளும் வேண்டும். பூங்காவைச் சுற்றி நாய் வளர்க்கிற வீடுகள் இருந்தால் புகார் வராமல் இருக்காது. விளக்கேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாப்பாடு

உணவு விற்கிற ஒவ்வொரு கடைக்காரரிடமும் 2018-இல் வந்த ஆர்638 விதிமுறையின் கீழான தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். மாநகராட்சியின் சுகாதார அதிகாரி தருவது அது. பெயர்ப் பட்டியலோடு நகல்களைக் கோப்பில் வையுங்கள். அன்னதானம் இலவசம்தானே என்று விட்டுவிடாமல், எங்கே சமைக்கிறீர்கள், எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து அதே அதிகாரியிடம் என்ன தேவை என்று கேளுங்கள். ஜனவரி டர்பனில் புழுக்கம் தாங்காது. தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் மதியத்துக்குள் புளித்துவிடும். சாம்பார் சாதம், சர்க்கரைப் பொங்கல், வடை என்று சூடாகப் பரிமாறுகிற பண்டங்களோடு நில்லுங்கள். கரும்புக்குச் சர்க்கரை ஆலைகளை நம்பாதீர்கள், வெட்டுப் பருவம் டிசம்பரோடு முடிந்துவிடும். வட கடற்கரைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கட்டுக் கட்டாக வெட்டித் தருவார்.

ஒலி, மருத்துவம், காவல்

ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி கேட்பார்கள், நேரத்தையும் குறித்துக் கொடுப்பார்கள். சினிமாப் பாட்டுப் போட்டாலும் மேடையில் பாடினாலும் இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் வேண்டும். ஒலிநாடா, இணையம் வழி பதிவுசெய்த பாட்டு என்றால், ஒலிப்பதிவு உரிமையைக் கவனிக்கும் சாம்ப்ராவின் உரிமமும் உண்டு. பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதில் தொடர்பு எண்ணோடு "வாருங்கள், எங்களோடு சாப்பிடுங்கள்" என்ற அழைப்பும் இருக்கட்டும். வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல்.

மருத்துவத்துக்கு 2017-இல் வந்த தனி விதிமுறை இருக்கிறது. உரிமம் பெற்ற ஆம்புலன்ஸ் சேவையிடம் எண்ணிக்கையைச் சொன்னால் எத்தனை ஆள், எத்தனை வண்டி என்று அவர்களே திட்டம் எழுதித் தருவார்கள். நம் குழுவில் டாக்டர் இருக்கிறார் என்பது இதற்குப் பதில் ஆகாது. தனியார் காவலர்கள், அந்தத் தொழிலை மேற்பார்க்கும் அரசு அமைப்பான பிசிராவில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டை ஒரு தரகர் மூலம் எடுங்கள். எவ்வளவு தொகைக்கு என்று பூங்காத் துறையிடம் கேட்ட பிறகு எடுங்கள்.

மழையும் மின்னலும்

விண்ணப்பத்தில் பெரும்பாலானோர் ஒரு வரியில் முடித்துவிடுகிற பகுதி இது. எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். பொங்கல் இங்கே கோடையில் வருகிறது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மேட்டுநிலத்தில் கோடைப் பிற்பகல் என்றாலே இடியும் மின்னலும். டர்பனில் வீசுகிற வடகிழக்குக் காற்று சட்டென்று தெற்குப் பக்கம் திரும்பினால் பந்தல் துணி பாய்மரமாக உப்பும்.

ஆகவே முதலில் நேரத்தை மாற்றுங்கள். மேட்டுநிலத்தில் காலை 8 மணிக்குப் பானை ஏற்றி, மதியம் 2 மணிக்குள் எல்லாம் முடியட்டும். அப்புறம், எந்தக் காற்று வேகத்தில் பந்தலைக் காலி செய்ய வேண்டும் என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். மின்னலுக்குப் பந்தல் பாதுகாப்பு இல்லை. இரும்புக் கம்பங்கள் நிற்கிற இடத்தில் மக்களை ஒதுங்கச் சொல்வது கொலைக்குச் சமம். மரத்தடியும் ஆகாது. பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடமோ சமூகக் கூடமோ திறந்துவைக்கச் சம்மதம் வாங்குங்கள், இல்லையென்றால் கார்களுக்குள் போகச் சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே பெயரோடு எழுதுங்கள். தலைவர், செயலாளர், சிறப்பு விருந்தினர் என்று எல்லோரையும் கேட்டு முடிவெடுக்க அப்போது நேரம் இருக்காது. விழாவின் பாதுகாப்புக்கென்று நீங்கள் நியமித்த பாதுகாப்பு அலுவலர் சொன்னால் மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் மைக் அவர் கைக்கு வர வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் அறிவிப்பை முன்பே எழுதி மேடையில் ஒட்டிவையுங்கள்.

ஜாக் கூட்டம்

தாள்கள் சேர்ந்ததும் எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்காரும் திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சட்டத்தில் நீளமான பெயர் உண்டு, எல்லோரும் ஜாக் என்றே சொல்வார்கள். பாதுகாப்பு அலுவலரையும் முடிவெடுக்கிற ஒருவரையும் மட்டும் அனுப்புங்கள். வரைபடத்தில் பத்து நகலாவது கொண்டுபோங்கள். தெரியாததைக் கேட்டால் "பார்த்து நாளைக்குள் எழுதி அனுப்புகிறோம்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். பொங்கல் என்றால் என்ன என்று கேட்பார்கள். பானையில் பால் பொங்கி வழிய வேண்டும் என்பதைக் கேட்டதும் தீயணைப்பு அதிகாரி கட்டாயம் அடுத்த கேள்வி கேட்பார், விறகில் வழிந்தால் என்ன, எரிவாயுவில் வழிந்தால் என்ன என்று. அடுப்புப் படத்தைக் காட்டி நிதானமாக விளக்குங்கள். அவர்கள் சொல்கிற மாற்றங்களைக் குறித்துக்கொண்டு வரைபடத்தைத் திருத்தித் திரும்ப அனுப்பியாக வேண்டும். பழைய படமும் புதிய படமும் கலந்து போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள்.

விழா அன்று

அனுமதிக் கடிதத்தின் அசலை மைதானத்திலேயே வையுங்கள். அடுப்பு மூட்டும் முன் தீயணைப்பு அதிகாரி வந்து பார்ப்பார், அவர் வரும்வரை தீக்குச்சி கிழிக்கக் கூடாது. நல்ல நேரம் 9 மணி என்று பஞ்சாங்கம் சொன்னால் அதிகாரியை 7 மணிக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் எண்ணும் கருவியோடு இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். அனுமதித்த எண்ணைத் தொட்டால் வாசலை மூடியாக வேண்டும். வெளியே நிற்பது சொந்தக்காரராக இருந்தாலும் சரி. தன்னார்வலர் எல்லோருடைய கைபேசியிலும் ஆம்புலன்ஸ் 10177, காவல்துறை 10111 இரண்டும் இருக்கட்டும்.

மாலையில் கோலமாவைக் கழுவி, சாம்பலை ஆறவைத்து அள்ளி, குப்பையைப் பிரித்து, புல்தரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எடுத்த படத்தோடு சேர்த்து மறுநாளே பூங்காத் துறைக்கு அனுப்பினால் வைப்புத்தொகை சீக்கிரம் திரும்பும். அரைமணி எண்ணிக்கைத் தாள், முதலுதவி பெற்றவர்களின் பட்டியல், வந்த புகார்கள், திருத்திய கடைசி வரைபடம் நான்கையும் ஒரே கோப்பில் போட்டுச் சங்கத்தில் வையுங்கள். அடுத்த ஆகஸ்டில் விண்ணப்பிக்கிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.